அசெட் இண்டெக்ஸ் சொதப்பும்போது: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

விளையாட்டுக்கு மேப் போட உட்காரும் முன், சேர்த்து வைத்த டைல் (அடுக்கி மேப் கட்டும் சிறு கட்டப் படம்), சுவர், மரம், கதவு, பாறைப் படங்களையெல்லாம் (இவைதான் அசெட்) ஒரு இண்டெக்ஸர் நிரலிடம் கொடுத்துத் தேடத் தோதாக அடுக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது. எந்த இண்டெக்ஸர் என்பது பெரிய விஷயமில்லை. மேப் எடிட்டரோடு சேர்ந்து வருவதானாலும் சரி, தனியாக ஓடுவதானாலும் சரி, தெரிந்தவர் பைத்தானில் எழுதிக் கொடுத்ததானாலும் சரி, மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கோளாறு பெரும்பாலும் நிரலில் இருக்காது, ஃபோல்டரில் இருக்கும்.

எதையும் தொடும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்க்கில் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது: அசல் படங்கள், அவற்றிலிருந்து நிரல் தானாக உருவாக்கிக்கொண்ட இண்டெக்ஸும் (தேடல் பட்டியல்) தம்ப்நெய்ல்களும் (சின்ன முன்னோட்டப் படங்கள்), அப்புறம் நீங்கள் கையால் தட்டி வைத்த டேக் (அடையாளச் சொல்), தொகுப்பு, குறிப்பு. நடுவில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், திரும்ப ஓட்டினால் வந்துவிடும். மூன்றாவது போனால் போனதுதான். சிக்கல் என்னவென்றால் பல நிரல்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் போட்டு வைக்கின்றன, அதனால் "இண்டெக்ஸை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணு" என்று யாராவது சொன்னவுடன் செய்தால் மாசக்கணக்கில் போட்ட டேக்கும் சேர்ந்து போய்விடும். நிரலை மூடிவிட்டு அந்தத் தரவுத்தளத்தை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வகையாக இருந்தால் அதே பெயரில் பின்னால் வால் சேர்த்து இன்னும் ஒன்றிரண்டு கோப்புகள் பக்கத்தில் இருக்கலாம், அவற்றையும் சேர்த்தே எடுங்கள்.

இன்னொன்று, ஒரு சோதனை ஃபோல்டர். நன்றாகத் திறக்கும் என்று தெரிந்த நாலைந்து சிறிய பிஎன்ஜி படங்களை அதில் போட்டு வையுங்கள். கீழே பல இடங்களில் இது கைகொடுக்கும்.

## ஸ்கேன் முடிந்தது, பட்டியல் காலி

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சுலபமாகத் தீருவது இதுதான்.

ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள், எல்லாம் இன்னும் ஜிப்பாகவே கிடக்கிறதா என்று. விண்டோஸில் ஜிப்பை இரண்டு தட்டு தட்டினால் ஃபோல்டர் மாதிரியே திறந்து காட்டும், நாமும் பிரித்துவிட்டோம் என்றே நம்பிக்கொண்டிருப்போம். இண்டெக்ஸருக்கு அது ஒற்றைக் கோப்பு. பிரித்திருந்தாலும் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் படங்கள் என்று உட்கார்ந்திருக்கலாம், நிரலில் "உள் ஃபோல்டர்களையும் பார்" என்ற பெட்டியில் டிக் இல்லாமல் இருக்கலாம்.

அது சரியாக இருந்தால் வடிகட்டியைப் பாருங்கள். போன தடவை "வெப்பி படங்கள் மட்டும்" என்றோ "64 பிக்ஸலுக்கு மேல் மட்டும்" என்றோ வைத்தது அப்படியே நின்றிருக்கும். 16 பிக்ஸல் டைல்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

அடுத்து ஒதுக்கல் விதிகள். கோடோ என்ற விளையாட்டு எஞ்சினில் புள்ளி வைத்து ஜிடிஇக்னோர் என்று ஒரு காலிக் கோப்பு இருந்தாலே அந்த ஃபோல்டரை எஞ்சின் கண்டுகொள்ளாது. யூனிட்டி எஞ்சினில் ஃபோல்டர் பெயர் ~ குறியில் முடிந்தாலோ புள்ளியில் தொடங்கினாலோ அதே கதை. எஞ்சினோடு ஒட்டி ஓடும் இண்டெக்ஸர்களும் இந்த விதியை மதிக்கின்றன. யாரோ ஒருவர் பேக்கை (அசெட் தொகுப்பை) வெளியிடும்போது தன் வசதிக்கு வைத்த கோப்பு உங்கள் பக்கம் வந்து தொல்லை கொடுக்கும்.

இதுவும் இல்லையா, அனுமதி. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களைத் தொட ஒவ்வொரு நிரலும் கேட்க வேண்டும். ஒரு தடவை "வேண்டாம்" அமுக்கிவிட்டால் அப்புறம் அது கேட்காது, படிக்கவும் முடியாது. நிறைய நிரல்கள் இதைப் பிழையாகச் சொல்லாமல் காலிப் பட்டியலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்த் திறந்துவிடுங்கள். லினக்ஸில் ஃபிளாட்பேக்காக (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பொதி வகை) நிறுவியிருந்தால் அந்த நிரல் தனக்கு அனுமதித்த ஃபோல்டர்களைத் தாண்டி எதையும் பார்க்காது, வெளி டிஸ்க் உட்பட.

அலுவலகக் கணினி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் பூட்டியதை நீங்கள் சுற்றிப்போய்த் திறக்க முயல்வதில் நேரம்தான் போகும்.

## பாதி வந்திருக்கிறது, பாதி இல்லை

வராத கோப்புகளில் ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள். அதைச் சோதனை ஃபோல்டருக்கு நகலெடுத்து, பெயரை வெறும் 1 என்று மாற்றிவிட்டு, அந்த ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### பெயர் மாற்றியதும் வந்துவிட்டது

அப்படியானால் படத்தில் கோளாறில்லை, பெயரிலோ இருக்கும் இடத்திலோதான்.

விண்டோஸில் முதலில் பாதையின் நீளம். டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் கடைசி எழுத்துவரை மொத்தமாக 260 எழுத்து என்பது பழைய வரம்பு. அசெட் பேக் செய்கிறவர்களோ பேக் பெயர், பதிப்பு, தீம், நிறம், அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் வைத்து, கோப்புப் பெயரிலும் அதையே திரும்ப எழுதி வைப்பார்கள். அதை நீங்கள் டவுன்லோட்ஸுக்குள் நாலு படி கீழே போட்டால் எளிதாகத் தாண்டிவிடும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இந்த வரம்பைத் தளர்த்தும் வசதி உண்டு, ஆனால் நிரலும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், அது எப்போதும் நடப்பதில்லை. செலவில்லாத வழி, அசெட் ஃபோல்டரை டிரைவின் வேரிலேயே இரண்டெழுத்துப் பெயரில் வைத்துவிடுவது.

அப்புறம் கோப்பு நீட்சி (பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது) பெரிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சின்ன எழுத்தில் உள்ளதை மட்டும் தேடும்படி எழுதிய நிரல்கள் நிறைய.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வருகிற ஒன்று இருக்கிறது, கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். "கோட்டை" என்று ஒரு ஃபோல்டர் என்று வையுங்கள். அதில் "கோ"வின் உயிர்க்குறியைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம்: ஓகாரக் குறி என்று ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் பெட்டிக்கு நகர்த்திய ஃபோல்டர் அதே வடிவத்தோடு வந்துவிடும், நீங்கள் விசைப்பலகையில் தட்டுவதோ சேர்ந்த வடிவம். இண்டெக்ஸர் ஒப்பிட்டுப் பார்த்து "இல்லை" என்று சொல்லிவிடும். சோதனை சுலபம்: "கோட்டை" என்று தேடாமல் "ட்டை" என்று மட்டும் தேடுங்கள். வந்துவிட்டால் இதுதான். நிரலில் யூனிகோடை ஒருமுகப்படுத்தும் அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையென்றால் ஃபோல்டர் பெயரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது பொருந்தும்.

### பெயர் மாற்றியும் வரவில்லை

படத்தைச் சாதாரணப் படம் பார்க்கும் நிரலில் திறந்து பாருங்கள். அங்கே திறக்கிறது, இண்டெக்ஸரில் மட்டும் இல்லையென்றால் நீட்சி பொய் சொல்கிறது என்று சந்தேகப்படுங்கள். இணையத்திலிருந்து சேமித்த படங்கள் வெளியே பிஎன்ஜி என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே வெப்பியாகவோ ஜேபெக்காகவோ இருக்கும். படம் பார்க்கும் நிரல்களும் பிரவுசர்களும் உள்ளே பார்த்து முடிவு செய்வதால் திறந்துவிடும், இண்டெக்ஸர் பெயரை நம்பி ஏமாறும். கோப்பை நோட்பேட் மாதிரி ஒன்றில் திறங்கள், குப்பை எழுத்துகளுக்கு நடுவே முதல் சில எழுத்துக்குள் பிஎன்ஜி என்று ஆங்கில எழுத்தில் தெரிந்தால் உண்மையான பிஎன்ஜி. ரிஃப் என்று தொடங்கிக் கொஞ்சம் தள்ளி வெப்பி என்று வந்தால் அது வெப்பி. நீட்சியைச் சரியானதாக மாற்றுங்கள், அல்லது பட எடிட்டரில் திறந்து பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள்.

நீட்சி உண்மையாகவே இரண்டு பொருளுக்கு ஓடுவதும் உண்டு. ஏஎஸ்இ என்பது ஏஸ்பிரைட் என்ற வரையும் நிரலின் படக் கோப்பாகவும் இருக்கலாம், அடோபியின் நிறத்தொகுப்பாகவும் இருக்கலாம். டிஎஸ்எக்ஸ் என்றால் டைல்டு என்ற மேப் எடிட்டருக்கு டைல்செட் (பல டைல்கள் சேர்ந்த தொகுப்பு), வலை நிரலாளர்களுக்கு டைப்ஸ்கிரிப்ட். "நிரல் மூலக் கோப்புகளைத் தவிர்" என்று இண்டெக்ஸரில் அமைத்திருந்தால் டைல்செட்களும் அதோடு சேர்ந்து ஒதுங்கிவிடும்.

படம் பெரியதாக இருந்து வரவில்லையா? பைத்தானில் எழுதிய இண்டெக்ஸர்கள் பலவும் பில்லோ என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது சுமார் 8.9 கோடி பிக்ஸலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதைப்போல் இரண்டு மடங்கு தாண்டினால் திறக்கவே மறுக்கும். 10,000-க்கு 10,000 என்ற மேப் பின்னணி எச்சரிக்கையோடு தப்பித்துவிடும், 16,384-க்கு 16,384 தப்பிக்காது. வரம்பை உயர்த்தலாம், ஆனால் அவ்வளவு பெரிய படத்தை மேப் எடிட்டரும் கிராஃபிக்ஸ் கார்டும் தாங்குமா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் வெட்டி வையுங்கள்.

## தம்ப்நெய்ல் சரியில்லை

எப்படிச் சரியில்லை என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### பின்னணி கறுப்பு, அல்லது முழுக்கவே கறுப்பு

இண்டெக்ஸர் தம்ப்நெய்லை ஜேபெக்காகச் சேமிக்கிறது. ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது, அதனால் அந்த இடத்தில் ஏதாவது ஒரு நிறத்தைப் போட்டாக வேண்டும், பெரும்பாலும் கறுப்பைப் போடும். நிழல் டைல்களும் கறுப்புக் கோட்டோவியங்களும் சுத்தமாக மறைந்துவிடும். தம்ப்நெய்ல் வகையை பிஎன்ஜி அல்லது வெப்பி என்று மாற்றிவிட்டுத் சேமித்து வைத்த தம்ப்நெய்ல்களை (கேஷ்) அழித்துத் திரும்ப உருவாக்குங்கள். இது இரண்டாம் வகைச் சரக்கு, பயப்பட வேண்டாம்.

### ஒரு பேக் முழுக்கச் சாம்பல் பெட்டிகள்

கோப்பின் அளவைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 130 பைட் அளவில்தான் இருக்கிறதா? அது படமே இல்லை. கிட் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் நிரல்) களஞ்சியத்திலிருந்து எடுத்தவர்கள் பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் நீட்டிப்பு இல்லாமல் எடுத்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் "படம் அங்கே இருக்கிறது" என்று சொல்லும் சிறு எழுத்துச் சீட்டு மட்டும் வரும். நோட்பேடில் திறந்தால் பதிப்பு எண்ணோடு மூன்று வரி தெரியும். எல்எஃப்எஸ் நிறுவிவிட்டு, உண்மைக் கோப்புகளை இழுக்கும் கட்டளையைக் கொடுங்கள். எடுக்கும் உரிமை இல்லை என்றோ அளவு தீர்ந்துவிட்டது என்றோ பிழை வந்தால் களஞ்சியத்தை நடத்துபவரிடம்தான் போக வேண்டும், உங்கள் பக்கம் செய்ய எதுவுமில்லை.

அளவு சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் சாம்பல் என்றால் அந்த ஃபோல்டர் ஒன்டிரைவ் மாதிரி மேகச் சேமிப்பில் இருக்கிறதா பாருங்கள். கோப்புப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் பெயர் மட்டும்தான் உங்களிடம், படம் அங்கே. "இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு" என்று சொல்லிவிட்டு இறங்கி முடியும்வரை காத்திருங்கள். அசெட் நூலகத்தை மேகச் சேமிப்பில் வைத்து வேலை பார்ப்பதே வேண்டாத வேலை என்பது என் கருத்து, காப்புப் பிரதி மட்டும் அங்கே இருந்தால் போதும்.

### ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு உடைந்த இரட்டை

பெயரைப் பாருங்கள், முன்னால் ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும் இருக்கும். மேக்கில் செய்த ஜிப்பைப் பிரிக்கும்போது வரும் உபரிகள் இவை, முன்னும் பின்னும் இல்லாமல் முன்னால் மட்டும் இரண்டு அடிக்கோடு போட்ட தனி ஃபோல்டராகவும் வரும். நீட்சி பிஎன்ஜிதான், உள்ளே படம் கிடையாது. அழித்துவிடலாம். ஒதுக்கல் பட்டியலில் இந்த வடிவத்தைச் சேர்த்துவிட்டால் அடுத்த தடவை தொல்லையில்லை.

### பிஎஸ்டி மட்டும் வரவில்லை

ஃபோட்டோஷாப்பில் பொருந்துதன்மையை உச்சத்தில் வைக்கும் தேர்வு இல்லாமல் சேமித்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் எல்லா அடுக்கும் சேர்ந்த முழுப்படம் கோப்புக்குள் இருக்காது, இண்டெக்ஸர் அடுக்கு அடுக்காகக் கூட்டிப் பார்க்காது. வரைந்தவரிடம் திரும்பச் சேமித்துத் தரச் சொல்லுங்கள்.

## ஒரே படம் நாலு இடத்தில், அல்லது நாலு படம் ஒன்றாகிவிட்டது

இண்டெக்ஸர்கள் இரட்டைப் படங்களை இரண்டு வழியில் கண்டுபிடிக்கின்றன. கோப்பின் பைட்களை ஒப்பிட்டால், ஒரு பிக்ஸல்கூட மாறாத படமும் உள்ளே சேமித்த தேதியோ மென்பொருள் பெயரோ மாறியதால் வேறு படமாகத் தெரியும். அதனால்தான் ஒரே மரம் நாலு தடவை வருகிறது. பார்வைக்கு ஒத்ததா என்று ஒப்பிட்டால் எதிர்ப்பக்கம் போகும்: படத்தை மிகச் சிறியதாகச் சுருக்கி வெளிச்ச வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால், இடது ஓரப் புல்லும் நடுப் புல்லும், கறுத்த சுவரும் சிவந்த சுவரும் ஒன்றென்று சொல்லிவிடும். மேப் போடுகிறவருக்கு அவை முற்றிலும் வேறு டைல்கள்.

டைல்களுக்குப் பார்வை ஒப்பீட்டை அணைத்துவிடுங்கள். பெரிய பின்னணிப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். என்ன ஆனாலும் "இரட்டைகளைத் தானாக அழி" என்ற பொத்தான் பக்கம் போகாதீர்கள், அது முதல் வகைச் சரக்கில் கை வைக்கிறது.

## தேடினால் வருகிறது, மேப்பில் போட்டால் இல்லை

உங்கள் கணினியில் வருகிறது, கூட வேலை செய்பவரிடம் சிவப்புக் குறுக்கு என்றால் இண்டெக்ஸர் முழுப் பாதையை எழுதி வைத்திருக்கிறது. டிரைவ் எழுத்து, உங்கள் பயனர் பெயர் எல்லாம் சேர்ந்த பாதை அடுத்தவர் கணினியில் எப்படி இருக்கும்? திட்ட ஃபோல்டரை அடிப்படையாகக் கொண்ட சார்புப் பாதைக்கு மாற்றுங்கள்.

கணினியில் சரி, சர்வரில் ஏற்றியதும் இல்லை என்றால் பெரிய எழுத்து சின்ன எழுத்துச் சமாச்சாரம். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் வேறுபாடு பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். பிரவுசரில் ஓடும் மேப் நிரலாக இருந்தால் கோப்புப் பெயரில் # குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. "கதவு#2" என்ற கோப்பைக் கேட்டால் "கதவு" என்றுதான் சர்வருக்குப் போகும், அது இல்லை என்று திரும்பி வரும். % குறியும் இதே மாதிரி வம்பு செய்யும். பெயரை மாற்றுங்கள், ஆனால் ஏற்கெனவே மேப்பில் போட்ட படமென்றால் மேப் எடிட்டருக்குள்ளிருந்தே மாற்ற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## மேப்பில் டைல்கள் இடம் மாறி நிற்கின்றன

இதில் அவசரப்படாதீர்கள். முக்கியமாக, மேப்பைச் சேமிக்காதீர்கள். திறந்தபடி பாருங்கள், சேமிக்காமல் மூடுங்கள்.

### கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறது

முதல் டைல் சரி, இரண்டாவது ஒரு பிக்ஸல் தள்ளி, பத்தாவது ஒன்பது பிக்ஸல் தள்ளி என்றால் டைல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை இண்டெக்ஸர் கணக்கில் எடுக்கவில்லை. எல்லா டைலும் ஒரே அளவு விலகியிருந்தால் இடைவெளி சரி, ஓர விளிம்பு தப்பு. டைல்செட் அமைப்பில் அந்த இரண்டு எண்ணைத் திருத்தினால் முடிந்தது. இண்டெக்ஸர்கள் படத்தின் அகலத்தை டைல் அளவால் வகுத்து ஊகிக்கின்றன. 16 பிக்ஸல் டைல்கள் ஒரு வரிசையில் 16, நடுவே 1 பிக்ஸல் இடைவெளி என்றால் அகலம் 271. அதை 16-ஆல் வகுத்தாலும் முழு எண்ணாக 16 நெடுவரிசைதான் வரும், நிரலுக்குச் சந்தேகமே வராது.

### புல் இருந்த இடத்தில் தண்ணீர், கதவு இருந்த இடத்தில் கூரை

யாரோ டைல்செட் படத்தை அகலப்படுத்திவிட்டார்கள். டைல்டு மாதிரி எடிட்டர்கள் டைலைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, இடமிருந்து வலம், வரிசை வரிசையாக 0-இலிருந்து எண்ணி அந்த எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. 256 பிக்ஸல் அகலத்தில் 16 பிக்ஸல் டைல் என்றால் ஒரு வரிசைக்கு 16, ஆக இரண்டாம் வரிசையின் முதல் டைல் எண் 16. அதே படத்தை வலப்பக்கம் நாலு டைல் கூட்டி 320 ஆக்கினால் எண் 16 இப்போது முதல் வரிசையின் பதினேழாவது இடத்தைக் காட்டும், பழைய டைலோ எண் 20 ஆகிவிட்டது. முதல் வரிசை மட்டும் சரியாக இருந்து மற்றதெல்லாம் குழம்பியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

டைல்டில் மேப்பைத் திறக்கும்போது நெடுவரிசை எண்ணிக்கை மாறியிருப்பதாகச் சொல்லி, டைல் குறிப்புகளைச் சரிசெய்யவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். பலர் அந்தப் பெட்டியைப் படிக்காமலே மூடிவிடுவார்கள். கேட்காத எடிட்டர் என்றால் படத்தைப் பழைய அகலத்துக்கே கொண்டுவாருங்கள், புதிய டைல்களைக் கீழே புது வரிசையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கீழே எவ்வளவு நீட்டினாலும் ஏற்கெனவே உள்ள எண்கள் அசையாது.

குழம்பிய நிலையிலேயே மேப்பில் வேலை செய்து சேமித்திருந்தால், பாதி டைல் பழைய எண்ணிலும் பாதி புதிய எண்ணிலும் இருக்கும். இதைத் தானியங்கியாகப் பிரிக்க வழியில்லை. பதிப்புக் களஞ்சியத்தில் பழைய மேப் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கையால் திரும்பப் போடுவதுதான்.

### ஒரு மனிதன் எட்டுத் துண்டாக நிற்கிறான்

ஆர்பிஜி மேக்கர் எம்வி, எம்இசட் பயன்படுத்துபவர்களுக்கு. அங்கே கோப்புப் பெயரின் தொடக்கத்தில் $ இருந்தால் அந்தக் கோப்பில் ஒரே ஒரு பாத்திரம் என்று பொருள், இல்லாவிட்டால் எட்டுப் பாத்திரம் என்று எடுத்துக்கொள்ளும். ! இருந்தால் கதவு, பெட்டி மாதிரிப் பொருள்களைக் கட்டத்தோடு ஒட்டி வைக்கும். இண்டெக்ஸரில் "கோப்புப் பெயர்களைச் சுத்தப்படுத்து" என்ற வசதி இருந்து அதை ஓட்டினீர்களானால் இந்தக் குறிகளைக் குப்பையென்று துடைத்துவிட்டிருக்கும். குறியைத் திரும்பப் போடுங்கள், சரியாகிவிடும்.

### யூனிட்டியில் படமே காணவில்லை என்கிறது

படங்களை யூனிட்டிக்கு வெளியே இழுத்து வேறு ஃபோல்டரில் வைத்திருப்பீர்கள், பக்கத்தில் இருந்த மெட்டா கோப்பு பழைய இடத்திலேயே தங்கியிருக்கும். அதற்குள்தான் அந்தப் படத்தின் அடையாள எண் இருக்கிறது, அது இல்லாததால் யூனிட்டி புதிய எண் கொடுத்துவிட்டது. பழைய மெட்டாவைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் படத்தோடு வையுங்கள். மெட்டா எங்குமே கிடைக்கவில்லை, காட்சிகளும் பல என்றால் திட்டத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரைக் கூப்பிடும் இடம் இது.

## ஸ்கேன் முடிவதேயில்லை

எந்தக் கோப்பில் நிற்கிறது என்று நிரலின் பதிவேட்டில் (லாக்) பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் நின்றால் அந்தக் கோப்பை வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பெரும்பாலும் மிகப் பெரிய படமாக இருக்கும். டிஸ்க்கில் சில எம்பி என்பதை நம்பாதீர்கள். 8192-க்கு 8192 படம் நினைவகத்தில் விரியும்போது பிக்ஸலுக்கு 4 பைட் வீதம் 256 எம்பி. எட்டு இழையில் (ஒரே நேரம் ஓடும் வேலைகள்) எட்டுப் படம் ஒரே நேரம் திறந்தால் 2 ஜிபி. இழைகளை இரண்டாகக் குறையுங்கள்.

பாதை நீண்டுகொண்டே போய் ஒரே ஃபோல்டர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே எங்கோ ஒரு இணைப்பு தன் தாய் ஃபோல்டரையே காட்டுகிறது. இணைப்புகளைப் பின்தொடர வேண்டாம் என்று அமையுங்கள்.

எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மலைபோல் கூடியிருந்தால் எஞ்சினின் தற்காலிக ஃபோல்டர்களையும் சேர்த்து மேய்ந்துகொண்டிருக்கிறது. யூனிட்டியின் லைப்ரரி, புள்ளி வைத்த கோடோ ஃபோல்டர், கிட்டின் உள் ஃபோல்டர் மூன்றையும் ஒதுக்கிவையுங்கள். ஆண்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது நின்று பார்ப்பதும் வேகத்தைக் குறைக்கும். நம்பகமான அசெட் ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம், டவுன்லோட்ஸுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது, அந்தக் கோப்புகளைக் கையால் நகலெடுத்தாலும் அதேபோல் இழுக்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் நிலையைக் காட்டும் நிரலில் பாருங்கள். சுழலும் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். வேறு பிரதி இருக்கிறதென்றால் அந்தச் செலவும் வேண்டாம், டிஸ்க்கை மாற்றினால் போதும்.

## புதிதாகப் போட்ட படம் தெரிவதில்லை

முழு ஸ்கேன் செய்தால் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், விரைவு ஸ்கேன் தேதியை வைத்து முடிவு செய்கிறது. ஜிப்பிலிருந்து பிரித்த கோப்பு நீங்கள் இன்று பிரித்ததானாலும் உள்ளே இருந்த பழைய தேதியோடுதான் வரும், "போன ஸ்கேனுக்குப் பிறகு மாறியது" என்ற பட்டியலில் சேராது. பேக் சேர்க்கும்போதெல்லாம் முழு ஸ்கேன்தான் வழி.

லினக்ஸில் கண்காணிப்பு தானாக நின்றுபோய் "டிஸ்க்கில் இடமில்லை" என்று வந்தால், டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தாலும் குழம்ப வேண்டாம். ஐநோட்டிஃபை (லினக்ஸின் மாற்றம் கவனிக்கும் வசதி) கண்காணிக்கும் ஃபோல்டர் வரம்பு தீர்ந்ததற்கும் அதே பிழைச் செய்திதான். பழைய கெர்னல்களில் அந்த வரம்பு 8192. உயர்த்திவிடுங்கள். பிணையத்தில் பகிர்ந்த ஃபோல்டரில் இந்த வகைக் கண்காணிப்பை நம்பவே வேண்டாம், நேரம் வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

## தரவுத்தளம் பூட்டியிருக்கிறது என்கிறது

இன்னொரு சாளரத்தில் அதே நிரல் திறந்திருக்கும், அல்லது மூடியதாக நினைத்தது பின்னணியில் உயிரோடு இருக்கும். இரண்டும் இல்லையென்றால் தரவுத்தளம் பிணைய ஃபோல்டரிலோ ஒத்திசையும் ஃபோல்டரிலோ இருக்கிறதா பாருங்கள். எஸ்கியூலைட்டின் பூட்டு முறை பல பிணையக் கோப்பு முறைகளில் ஒழுங்காக வேலை செய்வதில்லை, இரண்டு பேர் ஒரே நேரம் எழுதினால் கோப்பே கெட்டுப்போகலாம். படங்கள் பிணையத்தில் இருக்கட்டும், இண்டெக்ஸ் ஒவ்வொருவர் கணினியிலும் தனியாக இருக்கட்டும். பூட்டை எடுக்கிறேன் என்று பக்கத்திலுள்ள வால் கோப்புகளை மட்டும் அழிக்காதீர்கள், கடைசியாக எழுதியவை அதற்குள்தான் இருக்கும்.

## டேக் எல்லாம் போய்விட்டது

ஃபோல்டரை நகர்த்தினீர்களா, பெயர் மாற்றினீர்களா, டிரைவ் எழுத்து மாறியதா? பெரும்பாலான நிரல்கள் டேக்கைப் பாதையோடு கட்டி வைக்கின்றன. பாதை மாறியதும் பழைய பதிவுகள் "காணவில்லை" ஆகிவிடும், அதே படங்கள் டேக் இல்லாத புதிய பதிவுகளாக வரும். டேக் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அதனால் "காணாமல்போனவற்றை நீக்கு" என்ற பொத்தானை மட்டும் இப்போது தொடாதீர்கள்.

ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே, பழைய பெயரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு நிரலைத் திறங்கள். பெரும்பாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும். அப்புறம் நிரலுக்குள் இடமாற்ற வசதி இருந்தால் அதன் வழியாக நகர்த்துங்கள். பழைய இடத்துக்குப் போக முடியாத நிலை என்றால், உதாரணமாக அந்தக் கணினியே இப்போது இல்லையென்றால், தரவுத்தளத்துக்குள் பாதையின் முன்பகுதியை மட்டும் மாற்றி எழுதலாம். எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) தெரிந்தவருக்கு இது சின்ன வேலை, தெரியாதவர் கை வைத்தால் மிச்சமும் போகும். தெரிந்த ஒருவரிடம் கொடுக்கும்போது தரவுத்தளத்தின் நகலை வால் கோப்புகளோடு கொடுங்கள், பழைய முழுப் பாதையையும் புதிய முழுப் பாதையையும் எழுத்துப் பிசகாமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், நிரலின் பதிப்பு எண்ணையும் சேர்த்து.